தேவதானமும் பள்ளிச்சந்தமும்: தமிழகத்துக் கற்பள்ளிகளைப் பற்றி

இராசபாளையத்திலிருந்து தென்காசி நோக்கிச் செல்லும் வழியில், சேத்தூரை அடுத்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் தேவதானம் என்னும் ஊர் இருக்கிறது. அங்குள்ள நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயில் தென்பாண்டி நாட்டின் ஐம்பூதத் தலங்களுள் ஆகாயத் தலமாக எண்ணப்படுவது. பாண்டியனை மாய்க்கக் கருதிச் சோழன் அனுப்பிய நஞ்சு தோய்ந்த ஆடையினின்றும் இறைவன் அவனைக் காத்தருளினான் என்பது தலக்கதை. அக்கதையையும் கோயிலின் சிறப்பையும் எழுதியோர் பலர். நம் கவனத்தை ஈர்த்ததோ ஊரின் பெயர்.

தேவதானம் என்பது ஒரு நிலவகையின் பெயர். இடைக்காலக் கல்வெட்டுகளில் வரியிலி நிலங்கள் மூவகையாகப் பேசப்படும். அந்தணர்க்கு அளித்தது பிரமதேயம். கோயிலுக்கு அளித்தது தேவதானம். பள்ளிக்கு அளித்தது பள்ளிச்சந்தம். முதலிரண்டையும் பள்ளிக்கூடப் பாடநூல் வழியாக நாம் அனைவரும் அறிவோம். மூன்றாவதை அறிந்தோரும் அதனைச் சமண, பௌத்தப் பள்ளிகளோடு நிறுத்திக்கொள்வர். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு இராசராச சோழன் ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாக அளித்த செய்தி லெய்டன் செப்பேட்டால் உலகறிந்தது. ஆனால் பள்ளிச்சந்தம் பெற்ற பள்ளிகளுள் தொழுகைப் பள்ளியும் ஒன்று என்பதை நம்மவருள்ளும் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்பர்?

இராமநாதபுரத்தை அடுத்த திருப்புல்லாணியில் ஆதி ஜகந்நாதப் பெருமாள் கோயில் உள்ளது. அக்கோயிலில் பொறிக்கப்பட்டுள்ள பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு ஒன்று, கீழைச் செம்பிநாட்டுப் பவித்திரமாணிக்கப்பட்டினத்தில் இருந்த சோனகச் சாமந்தப் பள்ளியான பிழார்ப் பள்ளிக்கு இறையிலி நிலம் பள்ளிச்சந்தமாக அளிக்கப்பட்டதைப் பதிவு செய்கிறது. சோனகர் என்போர் அரபு வழிவந்த முஸ்லிம்கள். பிலால் என்னும் திருப்பெயரைத் தமிழ் நாவு பிழார் என வழங்கியதோ என எண்ணவும் இடமுண்டு. பவித்திரமாணிக்கப்பட்டினம் இன்றைய பெரியபட்டினமே என்று ஆய்வாளர் சிலர் கருதுவர். அரசன் பாண்டியன், பெற்றது பள்ளிவாசல், பதிவேடோ பெருமாள் கோயிற் சுவர். அக்காலத்தில் கோயிற் சுவரே நாட்டின் பதிவு அலுவலகமாக இருந்தது என்பதை நினைவிற்கொண்டால் இதில் வியப்பொன்றும் இல்லை. நம்மை உறுத்துவது வேறு. கொடை பெற்ற பள்ளியைப் பற்றி நமக்குச் சொல்வதற்கு ஒரு கோயில் இருந்தது. நம் பள்ளிகள் தம்மைப் பற்றித் தாமே சொல்லும் நிலையில் இருக்கின்றனவா என்பதே அது.

இவ்வினாவோடு சற்று வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் செல்வோம். பதினொரு நிலைகளுடன் 192 அடி உயர்ந்து நிற்கும் கோபுரம் அவ்வூரின் அடையாளம். தமிழக அரசின் முத்திரையில் இருப்பது இக்கோபுரமே என்பது பொதுவழக்கு. மதுரையின் மேலைக்கோபுரமே என்று வாதிடுவோரும் உண்டு. வழக்கு எவ்வாறாயினும், ஊர்ப்பெருமை பேசுவோர் அனைவரும் கோபுரத்தைக் கண்டவுடன் மனநிறைவு கொண்டு திரும்பிவிடுகின்றனர். அதே ஊரில் திருமலை நாயக்கர் பெயரால் வழங்கும் மாளிகை ஒன்றும் உள்ளது. நீதிமன்றமாகவும் அது பயன்பட்டதுண்டு. மதுரையில் 1636-இல் எழுந்த அரண்மனையின் சிறு உடன்பிறப்பு என்று இதனைச் சொல்லலாம்.

மதுரை அரண்மனையைக் காணாதார் நம் வாசகருள் இருத்தல் அரிது. கல்லை நம்பாமல் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பியது. பருத்த தூண்களை இணைப்பவை கூர்முனை வளைவுகளும் பல இதழ்களாக மடிந்த வளைவுகளும். சொர்க்கவிலாசத்தின் மேல் குவிமாடங்கள். திருமலையின் பேரன் சொக்கநாதர் இதன் பெரும்பகுதியைப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுசென்றார் என்பதும், எஞ்சியதை ஆளுநர் நேப்பியர் 1866-க்கும் 1872-க்கும் இடையில் செப்பனிடச் செய்தார் என்பதும் தெரிந்த செய்திகள். வளைவும் குவிமாடமும் தமிழகத்துக் கொத்தர்களிடம் எவ்வாறு வந்தன? வழிகாட்டி நூல்கள் இத்தாலியச் சிற்பி ஒருவரைக் கைகாட்டிவிட்டு நகர்ந்துவிடும். அதற்குச் சான்று காட்டுவாரில்லை. ஹம்பியின் தாமரை மகாலையும் பீஜப்பூரின் மாளிகைகளையும் ஒருமுறை பார்த்தவர்க்கு இத்தாலி வரை செல்ல வேண்டிய தேவை எழாது. தக்காணத்து சுல்தான்களின் கட்டடக்கலை விசயநகரத்தின் வழியாக நாயக்கர்களை வந்தடைந்தது என்று சொல்வதற்கு ஏன் இத்தனை தயக்கம் என்பது நமக்கு விளங்கவில்லை.

ஆயினும் வழிகாட்டி நூல்களை மட்டும் குறைகூறிப் பயனில்லை. குறை மேலிருந்து வந்தது. ஜேம்ஸ் பெர்குசன் 1876-இல் வெளியிட்ட இந்திய, கீழைத்தேயக் கட்டடக்கலை வரலாறு இத்துறையின் முதல் பெருநூல். கட்டடங்களை மதத்தாலும் இனத்தாலும் வகுத்தவர் அவர். மதுரை அரண்மனையைத் திராவிடப் பகுதியில் வைத்தார். அதன் வளைவுகள் இஸ்லாமியத் தொடர்பால் வந்தவை என்பதை அவர் அறிந்தே இருந்தார். அவருக்குப் பின், 1940-களில், பெர்சி பிரவுன் எழுதிய இந்தியக் கட்டடக்கலை இரு தொகுதிகளாக வெளிவந்தது. ஒன்று பௌத்த, இந்துக் காலம். மற்றொன்று இஸ்லாமியக் காலம். கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்பட்ட நூல் அது. இஸ்லாமியத் தொகுதியில் தில்லி உண்டு, குஜராத் உண்டு, வங்காளம் உண்டு, பீஜப்பூரும் கோல்கொண்டாவும் உண்டு. தமிழகத்துக் கடற்கரையோரப் பள்ளிகளுக்கு அதில் இடமில்லை. இந்துத் தொகுதியில் இருக்கவும் நியாயமில்லை. வளைவு வைத்த இந்து அரண்மனைக்குத் திராவிடம் என்னும் பெயரில் இடம் கிடைத்தது. திராவிடத் தூண் வைத்த முஸ்லிம் பள்ளிக்கு எப்பெயரிலும் இடம் கிடைக்கவில்லை. இரு தொகுதிகளின் அட்டைகளுக்கு இடையில் விழுந்து மறைந்த கட்டடங்கள் அவை.

இக்குறையைப் போக்க முயன்றோரையும் சொல்ல வேண்டும். எஸ். எம். கமால் தமது ‘முஸ்லீம்களும் தமிழகமும்’ நூலில் பள்ளிகளுக்கும் தர்காக்களுக்கும் மன்னர்கள் அளித்த கொடைகளைத் தொகுத்துத் தந்தார். தொல்லியல், அருங்காட்சியகத் துறைகளில் உழைத்த ஜெ. ராஜா முகமது சோழமண்டலக் கரை முஸ்லிம்களின் கடல்சார் வரலாற்றை 2004-இல் வெளியிட்டார். தமிழகத்து இஸ்லாமியக் கட்டடக்கலையைத் தனிப்பொருளாகவும் எடுத்து எழுதியுள்ளார். மெஹர்தாத் ஷொகூஹி 2003-இல் வெளியிட்ட தென்னிந்திய முஸ்லிம் கட்டடக்கலை பற்றிய ஆங்கில நூல் மதுரை, காயல்பட்டினம், கீழக்கரைப் பள்ளிகளை நாடா பிடித்து அளந்து தரைப்படம் வரைந்து காட்டியது. அவருடைய முடிவுகள் அனைத்தையும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு கட்டடத்தின் அளவுகள் நூலேறிவிட்டால், கட்டடம் அழிந்தபின்னும் அதனைப் பற்றிப் பேச முடியும். நம்மவர் எழுதும் ஊர் வரலாறுகளில் பள்ளியின் பழமை பற்றிய பெருமிதம் நிறைய உண்டு. நீளம் இத்தனை முழம், தூண் இத்தனை வரிசை என்னும் செய்தியைக் காண்பது அரிது.

அப்பள்ளிகள் எத்தகையன? கீழக்கரையின் பழைய ஜும்ஆ பள்ளியை எடுத்துக்கொள்வோம். வள்ளல் சீதக்காதி என்னும் ஷெய்கு அப்துல் காதிர் மரக்காயரோடும், 1703-இல் மறைந்த பேரறிஞர் சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களோடும் தொடர்புடையதாகப் போற்றப்படுவது. வெளியூரார் ஒருவர் திடுமெனக் கண்டால் கோயில் மண்டபம் என்றே மயங்குவார். கற்றூண்கள், சதுரமாகத் தொடங்கி எண்பட்டையாகவும் பதினாறு பட்டையாகவும் மாறும் தண்டு, அதன்மேல் போதிகை, போதிகையில் பூமுனை, அதன்மேல் உத்திரம், உத்திரத்தின்மேல் கற்பலகை பாவிய தட்டையான கூரை, வெளியே வெயிலையும் சாரலையும் தடுக்கும் கொடுங்கை. காயல்பட்டினத்துப் பெரிய குத்பா பள்ளியை ஆயிரங்கால் பள்ளி என்றே மக்கள் அழைப்பர். அவ்வூரின் காட்டு மக்தூம் பள்ளி ஒரு காலத்தில் உதயமார்த்தாண்டப் பெரும்பள்ளி என்று வேணாட்டு மன்னரின் பெயரைத் தாங்கியிருந்ததையும், துறைமுகத்து வருவாயில் அதற்குப் பங்கு இருந்ததையும் அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது.

மேலோட்டமாகப் பார்ப்போர் இதனை ‘கோயில் பாணி’ என்று சொல்லி முடித்துவிடுவர். சிலர் பெருமையாகச் சொல்வர், மத நல்லிணக்கத்தின் சின்னம் என்று. சிலர் கூச்சத்தோடு சொல்வர். இரு சாராரும் கட்டடத்தைக் கூர்ந்து நோக்கவில்லை என்பதே நம் கருத்து.

தமிழகத்துக்குக் கிப்லா மேற்கில், சற்று வடக்கு சாய்ந்து, அமைகிறது. ஆகவே பள்ளியின் வாசல் கிழக்கே. பெரும்பாலான கோயில்களின் வாசலும் கிழக்கே. கல்தச்சனுக்குத் திசை மாறவில்லை, கருவி மாறவில்லை, கல்லும் மாறவில்லை. மாறியது உள்ளிடத்தின் நோக்கம். கோயில் ஆழத்தை நோக்கிச் செல்வது. வாசலிலிருந்து மகாமண்டபம், அர்த்தமண்டபம் என ஒன்றன்பின் ஒன்றாக, வெளிச்சம் குறையக் குறைய, கருவறையில் சென்று முடியும். பள்ளிக்கு வேண்டியது அகலம். தொழுவோர் தோளோடு தோள் நின்று ஸஃப் கட்ட வேண்டும். முதல் வரிசையின் நன்மையைப் பலர் பெற வேண்டுமாயின் வரிசை நீள வேண்டும். எனவே அதே தூணையும் உத்திரத்தையும் கொண்டு வடக்கு தெற்காக விரிந்த ஒரு கூடத்தைத் தச்சன் அமைத்தான். இருளும் சுருக்கமும் நீங்கின. பக்கங்கள் திறந்து காற்றும் வெளிச்சமும் வந்தன. தூணின் சதுரங்களில் உருவங்கள் மறைந்து தாமரையும் கொடியும் கோலப் பின்னலும் நின்றன. மேலைச் சுவரில் சிலையை வைக்கும் மாடம் இருக்க வேண்டிய இடத்தில் வெறுமையான மிஹ்ராபு வந்தது. இதனைக் கடன்வாங்கல் என்று சொல்வது தகுமா? ஒரு மொழியின் சொற்களை அப்படியே வைத்துக்கொண்டு அதில் இதுவரை சொல்லப்படாத வாக்கியம் ஒன்றைச் சொல்வதைப் போன்றது இது. உமறுப் புலவர் விருத்தப்பாவைக் கையாண்டதை நாம் இலக்கியச் சாதனை என்கிறோம். அதே சீறாவின் காலத்தில், அதே வள்ளலின் ஊரில், பெயர் தெரியாத கல்தச்சர் செய்ததை மட்டும் ஏன் கலப்படம் என்று கருத வேண்டும்?

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். தூண்கள் நிறைந்த கூடத்தில் ஸஃப் அறுபடுகிறதே என்பர். வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. தூண்களுக்கிடையே வரிசை நிற்பதை விரும்பாத அறிஞர் உண்டு. நெரிசல் காலத்தில் அதற்கு இடமளித்தோரும் உண்டு. ஆனால் தூண்மண்டபம் தமிழகத்தார் கண்டுபிடித்த ஒன்றன்று. மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எழுப்பிய பள்ளியின் தூண்கள் பேரீச்ச மரத்தின் தண்டுகள். கூரை அதன் ஓலை. அதில் மினாரா இல்லை. பிலால் (ரலி) அவர்கள் அருகிலிருந்த வீடொன்றின் மேல் ஏறி நின்று பாங்கு சொன்னார்கள். உட்குழிந்த மிஹ்ராபு அங்கே அமைந்தது எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) மதீனாவின் ஆளுநராக இருந்தபோது. பின்னர் எழுந்த கைரவான் பள்ளியும் குர்துபா பள்ளியும் தூண்காடுகளே. குர்துபாவில் இன்றும் எண்ணூற்றுக்கு மேற்பட்ட தூண்களை எண்ணலாம். அவற்றுள் பல உரோமானியக் கட்டடங்களிலிருந்து எடுத்தவை. அங்கே எவரும் அதனைக் குறையாகக் கருதவில்லை.

அப்படியாயின் பள்ளி என்றால் குவிமாடமும் இரட்டை மினாராவும் என்னும் எண்ணம் நம்மிடம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் நாட்காட்டியிலிருந்து என்று சொன்னால் வாசகர்கள் சினங்கொள்ளக் கூடாது. வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் ஒரு பக்கம் கஅபா, மறுபக்கம் பச்சைக் குவிமாடம். அப்பச்சைக் குவிமாடம் நாயகத்தின் அடக்கத்தலத்தின் மேல் இருப்பது. 1279-இல் மம்லூக் சுல்தான் கலாவூன் காலத்தில் முதன்முதல் அமைந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் பச்சை நிறம் பெற்றது. தொழுகைக்கூடத்தின் இலக்கணம் அதில் இல்லை. மற்றொரு மூலம் தாஜ்மகால், அதுவும் கல்லறை. மூன்றாவது மூலம் நம் நாட்டிலேயே பிறந்தது: ஆங்கிலேயர் சென்னையில் உயர்நீதிமன்றத்தின் மீதும் கல்லூரிகளின் மீதும் ஏற்றிவைத்த இந்தோ-சாரசனிக் குமிழ்கள். கல்லறையிலிருந்தும் நீதிமன்றத்திலிருந்தும் இறங்கிய வடிவங்களைச் சிமெண்டில் வார்த்து வைத்து, இதுவே இஸ்லாமியப் பாணி என்கிறோம். முன்னோர் நானூறு ஆண்டு தொழுத கூடத்தை அந்நியம் என்கிறோம்.

குவிமாடத்தையும் மினாராவையும் நாம் வெறுப்பதாக யாரும் கொள்ள வேண்டா. நாகூரின் ஐந்து மினாராக்களுள் 131 அடி உயரமுள்ள பெரிய மினாராவைத் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங் கட்டுவித்தார். கடலிலிருந்து நோக்கும் மாலுமிக்கு அதுவே கரை. திருவல்லிக்கேணியில் வாலாஜா குடும்பத்தார் 1795-இல் எழுப்பிய பெரிய பள்ளி சாம்பல்நிறக் கருங்கல்லால் ஆனது; மரமும் இரும்பும் சேர்க்காமல் கட்டப்பட்டதாகப் போற்றப்படுவது. அதன் ஆண்டைக் குறிக்கும் பாரசீகச் சொற்றொடரை இயற்றியவர் நவாபின் அவையிலிருந்த ராஜா மக்கன்லால். அது தொழுகைக்கூடத்தின் கல்லிலேயே இருக்கிறது. இவையும் தமிழகத்தின் செல்வங்களே. வடக்கிலிருந்து நவாபுகளோடு வந்த பாணி அவர்கள் எழுப்பிய நகரில் இயல்பாக நின்றது. நம் குறை, ஒரு பாணி வந்ததைப் பற்றியது அன்று. அதற்கு இடம்விட வேண்டி மற்றொன்றை இடித்ததைப் பற்றியது.

தென்மாவட்டத்து ஊர் ஒன்று, பெயர் வேண்டா. அங்கே பழைய கற்பள்ளியை இடித்துப் புதிய பள்ளி எழுப்பினர். சில ஆண்டுகளுக்கு முன் நாம் சென்றபோது பளிங்குத் தரையும் குளிர்சாதனமும் கொண்ட கூடத்தில் தொழுதோம்; குறையொன்றும் சொல்வதற்கில்லை. அஸருக்குப் பின் ஊரைச் சுற்றியபோது குளத்துப் படித்துறையில் எண்பட்டைத் தூண் ஒன்று கிடையாகக் கிடந்தது. ஒரு பெண்மணி அதன்மேல் துணி துவைத்துக்கொண்டிருந்தார். தூணின் சதுரப் பகுதியில் நான்கைந்து வரி எழுத்து. தமிழ் எழுத்தே. சோப்பு நுரை வழிந்தோடியதால் வாசிக்க முடியவில்லை. ஜமாஅத்தின் பெரியவர் ஒருவரிடம் வருத்தத்தைச் சொன்னோம். அவர் கோபிக்கவில்லை. “மழை பேஞ்சா ஸஃப்புக்கு நடுவுல வாளி வைக்கணும், தம்பி. உங்களுக்குக் கல்லு பெருசு, எங்களுக்குத் தொழுகை பெருசு” என்றார். நெடுநேரம் நம்மால் மறுமொழி சொல்ல முடியவில்லை.

பின்னர் எண்ணிப் பார்த்ததில் மறுமொழி இருக்கிறது என்றே தோன்றியது. கற்பலகைக் கூரை தானாக ஒழுகுவதில்லை. பலகைகளின்மேல் பாவிய செங்கற் சுண்ணாம்புத் தளம் காலப்போக்கில் விரிகிறது. பழங்காலத்தில் அதனைக் கொத்தியெடுத்துக் கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்பால் மறுபடி பாவுவர். நாம் செய்வது அதன்மேலேயே சிமெண்டைப் பூசுவது. சிமெண்டு ஈரத்தை வெளியே விடாது, பளுவும் கூடும், சில ஆண்டுகளில் ஒழுக்கு முன்னிலும் மிகும். அப்போது கட்டடமே பழுது என்னும் முடிவுக்கு வருகிறோம். இடநெருக்கடிக்கும் வழி இருக்கிறது. முன்னே சொன்ன அமைப்பே துணை: கிப்லாச் சுவர் மேற்கில் இருப்பதால், பழைய கூடத்தை முன்வரிசைகளாக அப்படியே நிறுத்திக் கிழக்கே திறந்தவெளியிலும் மேலே மாடியிலும் வளர்த்துக்கொண்டு போகலாம். இமாம் நிற்பது பழைய மிஹ்ராபில். கூட்டம் நிறைவது புதிய கூடத்தில். ஸஃப் தொடர்வதற்கு இடையூறில்லை. எல்லா ஊரிலும் இது கைகூடும் என்று சொல்ல மாட்டோம். நிலமே இல்லாத தெருப்பள்ளிகள் உண்டு. ஆனால் இடிப்பதற்கு முன் இவ்வழி பேசப்பட்டதா என்று கேட்டால், நாம் கேட்டறிந்த வரையில், பெரும்பாலும் இல்லை.

புதிய பள்ளித் திறப்புவிழா மலர்களைப் புரட்டிப் பார்ப்பதும் பயனுடையது. நன்கொடையாளர் படங்கள், வாழ்த்துரைகள், கட்டடத்தின் பரப்பு, பளிங்கு வந்த ஊர் எல்லாம் இருக்கும். ‘பழைமையான பள்ளி இடிக்கப்பட்டு’ என்று ஒரு வரியும் இருக்கும். அப்பழைய பள்ளியின் ஒளிப்படம் ஒன்றையேனும் அம்மலர்களில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சுகிறது. மதுரையின் கோரிப்பாளையம் தர்காவைப் பற்றி வரும் சிறுநூல்களும் இத்தகையனவே. அதன் பெரிய குவிமாடம் ஒரே கல்லாலானது என்னும் வியப்பு முதற்பக்கத்திலேயே வந்துவிடும். கூன்பாண்டியன் பொன் பெற்றுக்கொண்டு தர்காவுக்கு ஊர்களை அளித்ததாகச் சொல்லப்படும் உரிமையை 1573-இல் வீரப்ப நாயக்கர் ஆட்சியில் உறுதிசெய்த கல்வெட்டு அங்கேயே இருக்கிறது. அந்நூல்களில் அதற்குக் கடைசிப் பக்கமும் கிடைப்பதில்லை. குவிமாடம் ஒரு கல்லா பல கல்லா என்பதனால் தர்காவுக்கு ஒரு பிடி மண்ணும் கூடப்போவதில்லை. கல்வெட்டின் நிலை அதுவன்று.

இது வெறும் அழகுணர்ச்சியைப் பற்றிய பேச்சாக இன்று இல்லை என்பதனால்தான் இத்தனை விரிவாக எழுத நேர்ந்தது. 2025-ஆம் ஆண்டின் வக்ஃபு திருத்தச் சட்டம், நெடுங்காலப் பயன்பாட்டைக் கொண்டே ஒரு சொத்தை வக்ஃபாக ஏற்கும் கோட்பாட்டை இனி வருவனவற்றுக்கு நீக்கிவிட்டது. முன்பே பதிவானவை, தகராறுக்கோ அரசின் உரிமைக் கோரிக்கைக்கோ உட்படாதவரை, தொடரும். அவ்வாண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் வழங்கிய இடைக்கால ஆணை சில பிரிவுகளை நிறுத்திவைத்தது, இந்நீக்கத்தை நிறுத்தவில்லை. சட்டத்தின் நன்மை தீமைகளைப் பற்றி வேறு பலர் எழுதியுள்ளனர். நாம் காண்பது ஒன்றே. ‘தலைமுறை தலைமுறையாக இங்கே தொழுகிறோம்’ என்னும் சொல்லின் பளு குறைந்து, எழுத்தின் பளு கூடியிருக்கிறது. நம் பள்ளிகளில் மிகப் பலவற்றுக்கு இருக்கும் மிகப் பழைய எழுத்து கல்லில் இருக்கிறது. எழுத்தில்லாத தூணும், அதன் போதிகையின் வடிவத்தைக் கொண்டு நூற்றாண்டைச் சொல்லும் வல்லுநர் இருப்பதால், ஒருவகைப் பத்திரமே. படித்துறையில் கிடந்த தூணைப் பார்த்தபோது நமக்கு நினைவு வந்தது திருப்புல்லாணிச் சுவர். அங்கே நம்முடையதல்லாத கட்டடம் நம் பள்ளியின் நிலப்பதிவை எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் காத்து வைத்திருக்கிறது.

தொல்லியல் துறையிடம் ஒப்படைக்கலாமே என்பர் சிலர். பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தால் ஆணியடிப்பதற்கும் ஆணை வேண்டும். தவிர, மேற்சொன்ன திருத்தம் பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் வக்ஃபு நிலையைக் குறித்து வேறொரு சிக்கலையும் கொண்டுவந்திருக்கிறது. ஆகவே ஜமாஅத்துகள் அஞ்சுவதை நாம் பிழை என்று சொல்ல இயலாது. அஞ்சுவோர்க்கும் தடையில்லாத வேலை ஒன்று உண்டு. கை வைப்பதற்கு முன் கூடத்தை அளந்து தரைப்படம் வரைவது; ஒவ்வொரு தூணுக்கும் எண்ணிட்டு ஒளிப்படம் எடுப்பது; எழுத்துள்ள கல்லை மைப்படி எடுத்து ஒரு படியைப் பள்ளியிலும் ஒரு படியைப் பல்கலைக்கழகத்திலும் வைப்பது. கல்லூரி மாணவர் இருவர் விடுமுறையில் சில நாட்கள் உழைத்தால் போதும். பளிங்குக்கு ஆகும் செலவில் நூற்றில் ஒரு பங்கும் ஆகாது.

அப்பெயர் சொல்லா ஊருக்குச் சென்ற ஆண்டு மறுபடியும் போயிருந்தோம். அந்தப் பெரியவர் நம்மைக் கண்டதும் கையைப் பிடித்து ஹவுளின் அருகே அழைத்துச் சென்றார். தூணைப் படித்துறையிலிருந்து எடுத்துவந்து, எழுத்து மேலே தெரியும்படி, ஒளு செய்வோர் அமரும் திண்ணையின் ஓரமாகக் கிடத்தியிருந்தனர். தேய்ந்த முதல் வரியில் பள்ளி என்னும் சொல்லை மட்டும் விரலால் தடவிப் படிக்க முடிந்தது. எஞ்சிய வரிகளுக்கு மைப்படி எடுக்க ஆளை அழைத்து வருவதாக அவரிடம் சொல்லியிருக்கிறோம்.